மூன்று மாதம் தின்ற கறுப்புப் பாண்

1

நான் இத்தாலிக்கு வந்து பத்தொன்பது வருடம் நிறைவான அன்று, சீனி வியாதிக் கிளினிக்கிலிருந்து என் அறிக்கை கைத்தொலைபேசிக்கு வந்தது. வந்த நாளைக் கொண்டாடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வேலைக்குப் போய், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு, வரும் வழியில் கீரை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். எனக்கு இந்த ஊர் மொழி பேச வரும், சண்டை போடவும் வரும், வாசிக்க மட்டும் வராது. அதனால் தொலைபேசியை என் மகள் நிலாவிடம் கொடுத்தேன்.

நிலாவுக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் பேசினால் அவள் இத்தாலிய மொழியில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் இது பழகிவிட்டது. அவள் அறிக்கையை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். மூன்று மாதச் சீனியின் சராசரி 8.2 ஆக இருந்தது, 9.1 ஆகியிருந்தது. அதற்குக் கீழே உணவு ஆலோசகர் ஒரு வரி எழுதியிருந்தார். அதை நிலா எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள்: நோயாளி ஒத்துழைப்பதில்லை. உணவு விடயத்தில் உண்மை சொல்வதாகத் தெரியவில்லை.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "திரும்பவும் வாசி" என்றேன். திரும்பவும் அதையே வாசித்தாள். பிறகு தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்.

"உண்மைய சொல்லுங்கம்மா. எங்களுக்குத் தெரியாம சோறு சாப்புட்டீங்களா?"

அந்த ஆலோசகர் என்னை இரண்டு வருடமாகத்தான் அறிவார். இவள் என் வயிற்றில் பிறந்தவள். அந்த வரி எனக்குக் கொடுத்த கோபத்தைவிட இந்தக் கேள்வி கொடுத்த வலி பெரிது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இந்தக் குறிப்புகளை எழுதுவதே அதற்காகத்தான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும்படி கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் கோதுமை மா ரொட்டி. உள்ளங்கை கனத்துக்குச் சுட்டு, செத்தல் மிளகாய் இடித்த கட்டசம்பலோடு இரண்டு. மலையில் தேத்தண்ணி நேரத்துக்குத் துணியில் சுற்றி இன்னும் இரண்டு. கடையில் பேக்கரிப் பாண் இரண்டே வகை: இன்றைய பாண், நேற்றைய பாண். நேற்றையது தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட. மாச்சத்து என்ற பேச்சே கிடையாது. பசி அடங்க வேண்டும், ஏற்றம் ஏறுவதற்குக் காலில் தெம்பு வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வெள்ளை மாதான் எங்களை மலையேற்றியது. அதேதான் எங்கள் கால்களையும் கேட்டது. அம்மாவுக்கு வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். பெரியப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எனக்கு ஐம்பது வயது நெருங்கும்போது சீனி வந்தது. போன வருடக் கடைசியில் இடது பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பஸ் ஏறியிருக்கிறேன். வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து எதிர் இருக்கைக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. அம்மாவின் கால் என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

உணவு ஆலோசகர் படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். வெள்ளைப் பாணுக்குக் குறுக்கே ஒரு கோடு. சாதாரணப் பாஸ்தாவுக்கு ஒரு கோடு. சோற்றுக்கு மட்டும் தடித்த சிவப்பில் இரண்டு கோடு. "மாச்சத்து குறைந்த பாணும் பாஸ்தாவும் எல்லாக் கடைகளிலும் இருக்கின்றன. பார்த்துத் தேர்ந்தெடுங்கள்" என்றார். பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நம் ஊர் லயத்து வீட்டு வரிசையில் பாதி நீளத்துக்கு இங்கே பாண் தட்டு இருக்கிறது. பாஸ்தாவுக்குத் தனித் தெருவே விட்டிருக்கிறார்கள்.

என் தங்கச்சி புஷ்பம் இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கும் சீனி இருக்கிறது. அன்று மாலை அவளிடம் தொலைபேசியில் புலம்பினேன்.

"அக்கா, இதுக்குப் போயி கொழம்பிக்கிட்டு இருக்கீங்க. கருப்பா இருக்கிறதா பாத்து வாங்குங்க. நாங்க இங்கிட்டு குரக்கன் மாவுலதான் ரொட்டி சுடுறோம். வெள்ளை ஆகாது, கருப்பு ஆகும். அம்புட்டுத்தான்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. மலைநாட்டில் சீனிக்காரருக்கு எல்லாரும் சொல்கிற வைத்தியம் குரக்கன் என்கிற கேழ்வரகு. அது கறுப்பு. ஆகவே கறுப்பு நல்லது. மறுநாள் பாண் தட்டில் தேடினேன். இருந்தது. சாம்பல் நிறமில்லை, பழுப்புமில்லை, அடுப்புக்கரி மாதிரியே கறுப்பு. பொதியின் முன்னால் ஒரு கதிரும் பச்சை இலையும் போட்டிருந்தார்கள். குரக்கனைவிடக் கறுப்பாக இருக்கிறதே, குரக்கனைவிட நல்லதாகத்தான் இருக்கும் என்று இரண்டு பொதி வாங்கினேன்.

3

நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். இது என் குணம், என் வீட்டுக்காரர் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். மூன்று மாதம் சோற்றைத் தொடவில்லை. அவருக்கும் மகளுக்கும் சோறு வடித்துக் கொடுத்தேன், பருப்பு தாளித்தேன், கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அதே மேசையில் உட்கார்ந்து அந்தக் கறுப்புப் பாணைக் குழம்பில் தொட்டுத் தின்றேன். காலையில் மூன்று துண்டு, பகலில் நான்கு, பிறகு இன்னும் மூன்று. நல்லது என்றால் நிறையச் சாப்பிடலாம்தானே. மாத்திரையையும் ஒருநாள் விடவில்லை. தைப்பொங்கல் அன்று பொங்கி, படைத்து, மேல் வீட்டு இத்தாலியக் குடும்பத்துக்கும் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, நான் கறுப்புப் பாணோடு உட்கார்ந்தேன். பொங்கல் பானையில் அடிப்பிடித்த துண்டைக்கூடச் சுரண்டி வாயில் போடவில்லை.

பிறகு கிளினிக். 9.1.

ஆலோசகர் இளம் பெண். கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"சிஞ்ஞோரா, இலங்கைக்காரர்கள் எத்தனையோ பேரை நான் பார்க்கிறேன். எல்லாரும் சோறு இல்லாமல் இருக்க முடியாதவர்கள். வெட்கப்பட வேண்டாம், சொல்லுங்கள்."

"நான் சோறு சாப்பிடவில்லை."

"கொஞ்சம்கூட?"

"இல்லை. பாண்தான். கறுப்புப் பாண்."

"கறுப்புப் பாண் நல்லதுதான்" என்று தலையாட்டிவிட்டு, கணினிப் பக்கம் திரும்பித் தட்டத் தொடங்கினார். அவர் நினைத்தது இங்குள்ளவர்கள் சாப்பிடுகிற முழுத்தானியப் பாணை. எந்தக் கறுப்புப் பாண் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கொண்டுபோய்க் காட்டத் தோன்றவில்லை. நல்லது சாப்பிடுகிறவளுக்குச் சீனி ஏறாது, ஏறியிருக்கிறது, ஆகவே இவள் திருட்டுச் சோறு தின்கிறாள். அவர் கணக்கு அப்படி முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சோற்றையே நான் எதற்குள் மறைத்தேனாம்?

அதன் பிறகுதான் அந்த வரி வந்தது, மகளின் கேள்வியும் வந்தது.

4

நான் அழவில்லை. மறுநாள் சனிக்கிழமை. நிலாவை எழுப்பி, "கடைக்கு வா" என்றேன். வரமாட்டேன் என்றாள். அம்மாவோடு கடைக்குப் போவதைச் சிநேகிதிகள் பார்த்துவிடுவார்களாம். "பாக்கட்டும். ஒங்கம்மா பொய்க்காரியா இல்லையான்னு நீயும் பாரு" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

போகிற வழியில் எனக்கு என்மேலேயே ஆத்திரம். காரணம் சொல்கிறேன். பதினெட்டு வயதிலிருந்து ஐந்து வருடம் நான் கொழுந்து பறித்தவள். நிறுவை நேரத்தில் கணக்கப்பிள்ளை கூடையைத் தராசில் மாட்டி, எடையைச் சத்தமாகச் சொல்வார். பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நான் சுற்றிக்கொண்டு போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று தராசு முள்ளைப் பார்ப்பேன். "என்னா, என்னைய நம்பமாட்டியா?" என்பார். "நம்புறேங்க. முள்ளையும் பாத்துக்கிறேங்க" என்பேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன், வாங்கினால் என்ன. என் கொழுந்து ஒரு கிலோ குறைந்ததில்லை.

அப்படிப்பட்டவள் பத்தொன்பது வருடமாக இந்த நாட்டுக் கடைகளில் பொதியின் முன்பக்கத்தை நம்பிச் சாமான் வாங்கியிருக்கிறேன். முன்பக்கம் என்பது சத்தம் போட்டுச் சொல்வது. முள் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே எழுத்துச் சிறியது, மொழியும் எனக்கு வாசிக்கத் தெரியாதது. தெரியாது என்று விட்டுவிட்டேன். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

பாண் தட்டின் முன்னால் நின்று, கறுப்புப் பொதியை நிலாவின் கையில் கொடுத்தேன். "பின்னால வாசி. மொதல்ல என்னா எழுதியிருக்கு?"

"கோதுமை மா" என்றாள்.

"என்ன கோதுமை மா? முழுத்தானியமா?"

"இல்ல. சாதாரண வெள்ளை மா." இன்னும் வாசித்தாள். தண்ணீர், ஈஸ்ட், எண்ணெய், உப்பு. கடைசியில் கொஞ்சூண்டு, கரித்தூள். மரக்கரியைப் பொடித்து நிறத்துக்காகச் சேர்க்கிறார்களாம். பார்க்க வித்தியாசமாக இருக்குமாம்.

குரக்கன் இல்லை. எந்தத் தானியத்தின் கறுப்பும் இல்லை. எங்கள் தோட்டத்து அதே வெள்ளை மா, முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்திருக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களை நாம் கேலி செய்வோம். நான் கறுத்ததெல்லாம் குரக்கன் என்று நம்பியவள். ஒரு நாளைக்குப் பத்துத் துண்டு.

நிலா முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு அந்தப் பொதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதையா மூணு மாசம் சாப்புட்டீங்க? பொங்கலுக்கும் இதையா?"

"ஆமா."

அவள் சிநேகிதிகள் பார்ப்பார்கள் என்ற கவலையையும் மறந்து, தட்டில் இருந்த அடுத்த பொதியை எடுத்துத் திருப்பினாள். அன்று அந்தக் கடையில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். காவலாளி மூன்று தடவை எங்களைக் கடந்து போனார். போகட்டும், நாங்கள் ஒன்றையும் சட்டைப்பையில் போடவில்லை.

5

அங்கிருந்தே புஷ்பத்துக்கு அழைத்தேன். "ஒன் குரக்கன் மா பக்கெட்டு இருக்கா? பின்பக்கம் என்னா போட்டிருக்குன்னு படம் புடிச்சு அனுப்பு."

"எதுக்குக்கா?"

"அனுப்பு மொதல்ல."

வந்த படத்தில் தமிழும் இருந்தது. எனக்கே வாசிக்க முடிந்தது. முதற் சொல் கோதுமை மா. இரண்டாவதாகத்தான் குரக்கன். மறைக்கவில்லை, பச்சையாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு பேருமே திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

புஷ்பமும் அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நான் ரெண்டு மாசமா கிளினிக்குக்கே போகலக்கா. போனா, என்னா திங்கிற, இனிப்பு திங்கிறியான்னு எல்லாருக்கும் முன்னாடி கேக்குறாங்க. இல்லைன்னா நம்பமாட்டேங்குறாங்க. நம்ம ஆளுங்க ஒடம்பே இப்புடித்தான்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. நம்ம ஆளுங்க உடம்பு இப்படித்தான் என்று யார் சொன்னது? அம்மாவின் விரலை எடுத்தபோதும் இதையேதான் சொன்னோம். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பொதியைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

"நீ அடுத்த கிளினிக்குக்குப் போற. பக்கெட்ட கையில எடுத்துக்கிட்டுப் போ. கேட்டா, இதத்தான் திங்கிறேங்க, பாருங்கன்னு மேசையில வையி."

"சண்டைக்கு நிக்கச் சொல்றீங்களாக்கா?"

"ஆமா. ஒன் காலுக்காக நீ நிக்காம வேற யாரு நிப்பா?"

அவள் அடுத்த கிளினிக் நாளில் போனாள். அங்கிருந்த தாதியும் நல்லவர்தான், வேலை நெருக்கடியில் கத்துகிறவர். பொதியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முழுக் குரக்கனை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளும்படி சொன்னாராம். அதையும் அளவோடுதான் சாப்பிட வேண்டுமாம். கறுப்பு என்பதற்காகக் கணக்கில்லாமல் தின்னக்கூடாதாம். அது எனக்கும் சேர்த்து விழுந்த அடி.

6

அதற்குப் பிறகு நான் படித்தேன். மற்றச் சொற்களை விட்டுவிட்டு மாச்சத்து, நார்ச்சத்து, சீனி, முழுத்தானியம் என்ற சொற்களை இந்த ஊர் எழுத்தில் கொப்பியில் எழுதி, வாசிக்கப் பழகினேன். ஹோட்டலில் வேலை இடைவேளையில் கொப்பியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கூட வேலை செய்கிறவர்கள் நான் பரீட்சை எழுதப்போவதாக நினைத்தார்கள்.

கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். எழுதியிருக்கிற வரிசைதான் முக்கியம், எது அதிகமோ அது முதலில் வரும். பிறகு நூறு கிராமில் எவ்வளவு மாச்சத்து, எவ்வளவு நார் என்று பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்க்கக்கூடாது. விதைகளை மேலே தூவியிருப்பதையும் நம்பக்கூடாது, அது பூப்போட்ட சேலை மாதிரி வெளிப்பார்வைக்கு. எனக்கு ஒத்துவந்தது கனமான ஒரு பாண், முழு ரை தானியமும் ஆளிவிதையும் சேர்த்தது. ஒரு துண்டே வயிற்றில் கல்லாக நிற்கும். மெல்லிய துண்டு ஒன்று, அதற்குமேல் இல்லை.

பாஸ்தாவில்தான் எனக்குச் சிரிப்பு. மாச்சத்து குறைந்த பாஸ்தா என்று நிலா ஒரு சிவப்புப் பொதியைக் கொண்டுவந்தாள். பின்பக்கம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. மைசூர்ப் பருப்பு. நாம் தினம் வேகவைக்கிற அதே பருப்பை அரைத்து, குழாய் மாதிரிப் பிழிந்து, இரண்டு மடங்கு விலை போட்டிருக்கிறார்கள். வாங்கினேன். குழைய விடாமல் அவித்து, கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய், வெங்காயம் போட்டுத் தாளித்தேன். பாஸ்தாவைக் கடுகு போட்டுத் தாளிப்பதைப் பார்த்தால் மேல் வீட்டு அம்மா மயங்கிவிழுவார். விழட்டும். நிலா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

ரொட்டியையும் நான் விடவில்லை. கடலை மாவில் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், வெங்காயம் போட்டுக் கல்லில் சுடுகிறேன். உடையும், ஓரம் பிய்யும், ஆனால் கட்டசம்பலுக்கு மறுப்புச் சொல்லாது. சோறும் திரும்ப வந்தது. பகலில் ஒரு கைப்பிடி, கூட நிறையக் கீரை, பருப்பு. என்னைப் பற்றி எழுதினவர் எதை நான் ஒளித்துத் தின்றதாக நினைத்தாரோ, அதைப் பகிரங்கமாக மேசையில் வைத்துச் சாப்பிட்டேன்.

7

ஆனி மாதம் கிளினிக் நாள் வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. நான் கூப்பிடாமலே நிலா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

7.1. ஆலோசகர் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா சிஞ்ஞோரா, சோற்றை விட்டதும் எப்படி இறங்கியிருக்கிறது."

"நான் இப்போது தினமும் சோறு சாப்பிடுகிறேன்" என்றேன். "ஏறிய மூன்று மாதத்தில்தான் சாப்பிடவில்லை."

பையிலிருந்து கறுப்புப் பாணின் வெற்றுப் பொதியை எடுத்து மேசையில் வைத்தேன். அதன் பக்கத்தில் கொப்பியையும் வைத்தேன். அவர் பொதியைப் பார்த்தார், திருப்பினார், வாசித்தார். காதுவரை சிவந்துவிட்டார்.

"எந்தக் கறுப்புப் பாண் என்று நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

"அந்த வரியை அழியுங்கள்."

"அழிக்க முடியாது, சிஞ்ஞோரா. ஒருமுறை பதிந்தால் கணினி விடாது. புதிய குறிப்பு ஒன்று சேர்க்கலாம்."

"சேருங்கள். நான் நிற்கிறேன்."

அவர் தட்டினார். முடித்ததும் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான் கொப்பியில் பழகிய எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன், பேசத் தெரிந்த மொழி என்பதால் விளங்கியது. அந்த மூன்று மாதங்களில் தான் சோறு சாப்பிடவில்லை என்று நோயாளி கூறுகிறார். எனக்குப் போதும் என்று தோன்றியது. பையை எடுக்கக் குனிந்தேன்.

"கூறுகிறார் என்று எழுதாதீர்கள்" என்றாள் நிலா.

ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தார். "நான் அங்கே இருக்கவில்லையே, மகளே. நோயாளி சொல்வதை அப்படித்தான் எழுதுவோம்."

"நான் இருந்தேன். நானும் முதலில் உங்களைப் போலத்தான் நம்பவில்லை. ஆனால் அதே மேசையில் இருந்தவள் நான். நான் சோறு சாப்பிட்டேன், அம்மா அந்தப் பாணைச் சாப்பிட்டார். பொங்கல் அன்றும் அதைத்தான் சாப்பிட்டார். நான் சொல்கிறேன் என்று எழுதுங்கள். என் பெயரைப் போடுங்கள்."

 ஆலோசகர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். இன்னும் பதியாமல் இருந்த அந்தக் குறிப்பை எடுத்துவிட்டுப் புதிதாகத் தட்டினார். நோயாளி அந்த மூன்று மாதங்களில் சோறு சாப்பிடவில்லை, வீட்டில் உடனிருந்த மகள் இதை உறுதிப்படுத்துகிறார் என்று எழுதி, நிலாவின் முழுப்பெயரையும் கேட்டுப் போட்டார்.

நிலா அதை எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னாள். சொற்கள் இடம் மாறி, தட்டுத் தடுமாறி வந்தன. முதல் தடவையே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் திரும்பவும் வாசிக்கச் சொன்னேன்.